இரண்டு அறைக்கு ஆறு பருவம்

சென்ற பங்குனி மாதத்தில் மதுரை காளவாசலிலிருந்து ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறதாம். கையில் நாலு மாதக் குழந்தை. கணவருக்கு ஒரு கடையில் கணக்கெழுதும் உத்தியோகம். தேனி ரஸ்தாவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வாடகை வீடு. "மேனாட்டார் படங்களில் சின்னஞ்சிறு குடிலைக் கூடப் பருவத்துக்குப் பருவம் எவ்வளவு அழகாக மாற்றி விடுகிறார்கள்! இலையுதிர் காலத்துக்கு ஒரு விதம், பனிக் காலத்துக்கு ஒரு விதம், வசந்தத்துக்கு ஒரு விதம். எங்கள் வீட்டையும் அப்படி அலங்கரிக்கத் தாங்கள் வழி சொல்ல வேண்டும். செலவு அதிகம் ஆகக் கூடாது. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார்" என்று எழுதியிருந்தார். கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பாக இன்னொரு வரி: "குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. சித்திரை பிறந்தால் இங்கே இருக்க முடியாது, பிறந்தகத்துக்குப் போய்விடு என்கிறார்கள்."

கடிதம் எழுதும் பெண்களின் வழக்கத்தை நான் சிறிது அறிவேன். விஷயம் எப்போதும் பின்குறிப்பில்தான் இருக்கும். அடுத்த வாரம் ஒரு காரியமாக மதுரைக்குப் போக நேர்ந்தபோது, அந்த வீட்டையும் பார்த்து விடுவது என்று தீர்மானித்தேன்.

காளவாசல் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று அவ்விடத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பலர் யோசிப்பதில்லை. காளவாய் என்றாலும் காளவாசல் என்றாலும் சூளைதான். செங்கல்லும் சுண்ணாம்பும் வேகிற இடம். அந்தக் காலத்து மதுரைக்கு மேற்கே, ஊரின் புகை ஊருக்குள் வராத தூரத்தில் இருந்த இடத்தை இன்று மேம்பாலமும் புறவழிச் சாலையும் நாற்புறமும் நெருங்கிய மாடி வீடுகளும் அடைத்துக் கொண்டிருக்கின்றன. பங்குனி மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சந்தில் நடந்து, மாடிப்படி ஏறி, அவர்கள் கூடத்தில் காலை வைத்தேன். ஊருக்குப் பெயரிட்டவர்கள் தீர்க்கதரிசிகள் என்று அப்போது தோன்றிற்று!

வீடு சுத்தமாக இருந்தது. கூடத்துச் சுவரில், ஆணி இல்லாமல் ஏதோ பசையால் ஒட்டி, ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் இலைத் தோரணம் தொங்கிற்று. மேப்பிள் மரத்து இலைகளாம். மேனாட்டு இலையுதிர் காலத்தின் சின்னம். ஜன்னல்களில் கருநீல நிறத்தில் கனமான செயற்கைப் பட்டுத் திரைகள். தரையில் ரோமம் வைத்த ஒரு விரிப்பு. மின்விசிறி சுழன்று மேலே இருந்த சூட்டையெல்லாம் கீழே வாரிக் கொட்டிக் கொண்டிருந்தது. தொட்டிலில் குழந்தை சிணுங்கிற்று. பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் அதற்கு வீசிக் கொண்டிருந்தவர், கணவருடைய அப்பத்தா. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார்.

"வாங்கய்யா, உட்காருங்க. பேத்தி தோரணம் கட்டியிருக்கு, பாருங்க. இலை உதிருதாம்! பங்குனியிலே வேம்பு பூக்கிற நேரத்திலே நம்ம வீட்டுக்குள்ளே மட்டும் இலை உதிருது" என்றார் கிழவி.

"அப்பத்தா, சும்மா இருங்க" என்றார் அந்தச் சகோதரி, முகம் சிவந்து.

கிழவியின் பரிகாசம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் ஆசையை நான் பரிகசிக்க மாட்டேன். பருவம் மாறும்போது வீடும் மாற வேண்டும் என்பது நல்ல எண்ணம், பழைய எண்ணமும் கூட. அதற்கு அவர் மேனாட்டுப் படங்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். நக்கீரர் பாடியது, பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பர். அதில் கூதிர்காலம் வந்தவுடன் ஒரு பெருநகரத்து வீடுகள் எப்படி மாறுகின்றன என்பதை அவர் வரிசையாகச் சொல்லிக் கொண்டு போகிறார். கோடையில் சுழன்ற வட்ட விசிறி மடக்கப்பட்டு முளையில் தொங்குகிறது; அதில் சிலந்தி நூல் கட்டிவிட்டது. மேல்மாடத்தில், தென்றல் வரும் சாளரத்துக் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. குறுகிய வாயுள்ள குடத்தில் குளிர்ந்த தண்ணீர் குடிப்பாரைக் காணோம். அகன்ற வாயுள்ள சட்டியில் நெருப்பு மூட்டி அதன் சூட்டை நுகர்கிறார்கள். சந்தனம் அரைத்த கல் சும்மா கிடக்கிறது. அலங்காரம் என்று ஒரு வார்த்தை அங்கே கிடையாது. எந்தச் சாமானை எடுத்து வைப்பது, எதை வெளியே கொண்டு வருவது, எந்தச் சாளரத்தைத் திறப்பது, எதை மூடுவது என்பதே முழுவதும். படித்து முடித்தால் ஓர் அழகிய வீடு கண்முன் நிற்கிறது.

ராணி மங்கம்மாள் போன்றவர்களுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. கோடைக்கென்று தனியாகத் தமுக்கம் மாளிகை இருந்தது. அந்த மாளிகையில்தான் 1959-ஆம் ஆண்டு முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருந்து வருகிறது. மதுரைக்குப் போகும் நேயர்கள் அதன் தடித்த சுவர்களையும் வளைவுகளையும் நடுப்பகலில் ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். நமக்கோ அதே இரண்டு அறை. அதில்தான் ஆறு பருவமும்.

ஆறு பருவம் என்று சொன்னேன். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இது நூல் சொல்லும் கணக்கு. காளவாசலில் மாசி, பங்குனியைப் பனிக்காலம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆகையால் வீட்டு உபயோகத்துக்கு நான் கணக்கைச் சற்றுச் சுருக்கிக் கொண்டேன்: வெயில், காற்று, மழை, பனி. இவற்றுள் வெயிலே கொடியது. பின்குறிப்பும் அதைப் பற்றியதே. ஆகவே முதலில் மொட்டை மாடிக்குப் போனோம்.

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதை வீட்டுக்குள் கக்கும். விடியற்காலை மூன்று மணிக்கும் அறை புழுங்குவதன் காரணம் இதுதான். அந்தத் தளம் அழுக்கேறிக் கறுத்திருந்தது; கறுப்பு நிறம் வெயிலை விழுங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். தளத்தின்மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் என்ன என்று அந்தச் சகோதரி கேட்டார். நிழலுக்கு அதைவிட மேலானது இல்லை. ஆனால் சமையற்கட்டின் தலைக்கு மேலேயே கீற்று வேய்வது எனக்குச் சம்மதமில்லை. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையல் கூடத்துக் கீற்றில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்றே. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. வீட்டுக்காரரும் பந்தலுக்கு இணங்கவில்லை. சுண்ணாம்பு அடிக்க மட்டும் அநுமதி கொடுத்தார். அவருக்கு அதில் ஒரு காசு செலவில்லை அல்லவா?

சுண்ணாம்பு! சூளையின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு, சுண்ணாம்பை மறந்து கருநீலப் பட்டுத் திரை வாங்குவது நியாயமா? கிளிஞ்சலோ கல்லோ சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் இட்டுத் தாளித்து, இரண்டு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டிக்கொள்ளச் சிறிது பசை சேர்த்து, பெருக்கிக் கழுவிய தளத்தின்மேல் இரண்டு பூச்சுப் பூச வேண்டும். நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே அபாயம். ஆகையால் குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. பூசுகிறவர் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் பூச்சு கரைந்து போகும், அதனாலென்ன? தைப்பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோமே, அந்த மிச்சச் சுண்ணாம்பைத் தளத்துக்கும் கொண்டு போனால் போயிற்று. மழை நின்று, பூச்சு நன்றாகக் காய்ந்து, கோடை வருவதற்கு முன் வெள்ளை ஏறிவிடும்படியான காலத்தில் அந்தப் பண்டிகை வருவதை நினைத்தால், நம் முன்னோர் பஞ்சாங்கத்தை வீட்டுக் கூரையின்மேல் உட்கார்ந்து எழுதினார்களோ என்று தோன்றுகிறது.

அடுத்தபடி ஜன்னல். இங்கே ஒரு சிறு வான சாஸ்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஆகையால் சித்திரை மாதத் தொடக்கத்தில், அதாவது ஏப்ரல் மத்தியில், உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து நம் நிழலைக் காலடியில் போட்டு விடுகிறான். அதற்குப் பிறகு அவன் வடக்கே சாய்கிறான். ஆகஸ்டு மாதக் கடைசியில்தான் மறுபடியும் தலைக்கு நேரே வந்து தெற்கே திரும்புகிறான். இதனால் விளைவது என்னவென்றால், ஆனி மாதத்து நடுப்பகலில் வெயில் படுவது வடக்குச் சுவரில். மார்கழியில் படுவது தெற்குச் சுவரில். "தெற்கு ஜன்னல் வெயில், வடக்கு ஜன்னல் நிழல்" என்று மேனாட்டுப் புஸ்தகங்கள் சொல்வதை நம்பி, அந்தச் சகோதரி கனத்த திரையைத் தெற்கே போட்டு, வடக்கு ஜன்னலை வெறுமனே விட்டிருந்தார். லண்டனுக்கு அது சரி. காளவாசலில் வருஷத்தில் சில மாதம் நேர் விரோதம். மேற்குச் சுவருக்கோ வருஷம் முழுவதும் விமோசனம் இல்லை.

கருநீலத் திரையைக் கழற்றச் சொன்னேன். திரை உள்ளே தொங்கினால் வெயில் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்த பிறகுதான் தடுக்கப்படுகிறது. திருடன் உள்ளே நுழைந்த பின் கதவைத் தாழிடுவது போல. தடுப்பு வெளியே இருக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பியிலிருந்து மூங்கில் தட்டி தொங்கிற்று. ஆணி தேவைப்படவில்லை, கயிறு போதும். உள்ளே, பெட்டியில் கிடந்த அப்பத்தாவின் பழைய சுங்குடிப் புடவை இரண்டு துண்டாகித் திரையாயிற்று. மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் அந்தப் பருத்தித் துணிக்கு 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காற்று அதில் தடையில்லாமல் நுழையும். வெயில் பட்டால் அதன் வெண்புள்ளிகள் விண்மீன் போல் ஒளிவிடும். என்னைக் கேட்டால், இதற்குமேல் ஓர் அலங்காரம் வேண்டுமா என்பேன். ரோம விரிப்பைச் சுருட்டிப் பரணில் போட்டு, கோரைப் பாய் விரித்தாயிற்று. பத்தமடைப் பாய் நான்தான் சிபாரிசு செய்தேன். விலையைக் கேட்டுவிட்டு அந்தச் சகோதரி சாதாரணக் கோரைப் பாயே வாங்கினார். குளிர்ச்சியில் இரண்டுக்கும் பேதமில்லை. மானாமதுரைப் பானை ஒன்று, மணல் பரப்பிய தட்டின் மேல், கூடத்து மூலையில் வந்து உட்கார்ந்தது. அதன் கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. மதுரை மல்லி கொள்ளையாகக் கிடைப்பது கோடையிலே; மார்கழியில் அதே பூவின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பருவத்துக்கு ஏற்ற அலங்காரம் மலிவாகவும் இருக்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தால் அறை ஊட்டியாகி விடுமா? ஆகாது. நான் பொய் சொல்ல விரும்பவில்லை. இரவில் தூங்க முடிந்தது, குழந்தையின் வேர்க்குரு அடங்கியது என்று அந்தச் சகோதரி எழுதினார். ஆனால் கத்திரி வெயிலில் சில பிற்பகல்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்தார்களாம். குளிர்சாதன இயந்திரத்தைப் பாவம் என்று நினைப்பவன் அல்ல நான். கைக்குழந்தைக்கும் முதியவர்களுக்கும் கடும் வெப்பம் பிராணாபத்து. வசதி இருப்பவர் வாங்கட்டும். தளத்துக்குச் சுண்ணாம்பும் ஜன்னலுக்குத் தட்டியும் இருந்தால் அந்த இயந்திரத்துக்கும் மின்சாரச் செலவு குறையும். இவர்களுக்குத் தவணைக் கடன் வாங்கும் சக்தி அந்த வருஷம் இல்லை, அவ்வளவுதான். பிறந்தகத்துக்குப் போகும் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

ஆனி பிறந்து மேல்காற்று ஆரம்பித்ததும் மறுபடியும் போனேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். காளவாசலில் அம்மியோடு புறவழிச் சாலைத் தூசியும் பறக்கிறது. ஆனால் அந்தக் காற்று வறண்ட காற்று, மேற்கேயிருந்து இடைவிடாமல் வீசும் காற்று. வெட்டிவேர்த் தட்டிக்கு அதைவிட வாய்ப்பான காற்று கிடையாது. மூங்கில் தட்டியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி, காலையிலும் பிற்பகலிலும் நனைத்தால், தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை வாங்கிக் கொண்டு போகிறது; தூசியும் வேரிலே படிந்து விடுகிறது. எதிர்ப்பக்கத்து ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறை ஈரக் கசகசப்பாகப் போகும். கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் விளையும் அந்த வேரின் வாசனை கூடமெல்லாம் பரவியிருந்தது. கணவர் கடையிலிருந்து வந்து, படியேறும்போதே மூச்சை இழுத்து, "கோயிலுக்குள் வந்தாற்போல இருக்கிறது" என்றார். ஐப்பசியில் இதே தட்டி உதவாது. காற்றே ஈரமாக இருக்கும்போது தண்ணீர் எங்கே ஆவியாகும்?

ஜப்பான் தேசத்து க்யோட்டோ நகரில் பழைய மர வீட்டுக்காரர்கள் ஜூன் மாதம் வந்ததும் காகிதக் கதவுகளைக் கழற்றி வைத்து, நாணல் தட்டிக் கதவுகளை மாட்டுவார்கள். பாயின் மேல் வழவழப்பான பிரம்புப் பாயை விரிப்பார்கள். சுவரில் தொங்கும் சித்திரத்தையும் மாற்றுவார்கள். ஒரே ஒரு சித்திரம், ஒரே ஒரு பூ. பார்ப்பவர்கள் அதைச் சௌந்தரியம் என்று கொண்டாடுகிறார்கள். நம் அப்பத்தா வெட்டிவேர்த் தட்டியை நனைத்தால் மட்டும் அது பட்டிக்காட்டுத்தனமாகி விடுகிறது!

மழைக்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அழகைவிட ஜாக்கிரதை அதிகம் வேண்டும். மதுரைக்கு ஐப்பசி, கார்த்திகை நல்ல மழைக்காலம். புரட்டாசியிலேயே மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிட வேண்டும். கோரைப் பாயில் பூசணம் பிடிக்கும். அதை வெயிலில் உலர்த்திச் சுருட்டி வைத்துவிட்டு, பவானி ஜமக்காளத்தை விரிக்கலாம். அதன் பட்டை பட்டையான சிவப்பும் பச்சையும் மப்பும் மந்தாரமுமான நாளில் அறைக்கு ஒரு தெம்பைக் கொடுக்கும். சித்திரையில் அதே நிறங்கள் கண்ணைச் சுடும். சாயங்காலம் சாம்பிராணி. பூத்தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் மட்டும் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்குக் காய்ச்சலைக் கொண்டு வரும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான் குஞ்சு பொரிக்கிறது. அந்தச் சகோதரி அழகுக்காக வைத்திருந்த எட்டுத் தட்டுகளையும் நானே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். கொலுப் படியில் அவர் வைத்திருந்த பொம்மைகள் பன்னிரண்டுதான். விளாச்சேரி மண் பொம்மைகள். வீட்டின் அழகு அந்த ஒன்பது நாளில் போல் வேறெப்போதும் இருந்ததில்லை என்று கீழ்வீட்டார் சொன்னார்களாம்.

இனி வருவது பனி. மார்கழி வாசலில் கோலமும் பூசணிப் பூவும் மாடி வீட்டில் எங்கே வைப்பது என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். படிக்கட்டின் மேல் படியில் இரண்டடிச் சதுரம் இருக்கிறதே, அது போதும். தெற்கு ஜன்னலை இப்போது தாராளமாகத் திறக்கலாம். மார்கழியின் சாய்ந்த வெயில் அறைக்குள் வந்து குழந்தையின் துணிகளை உலர்த்தட்டும். போகியன்று சிறுபீளையும் ஆவாரம் பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டும் காப்புக் கட்டுக்குக் கிராமத்திலிருந்து தானே பறித்துக் கொண்டு வருவதாக அப்பத்தா வாக்களித்திருக்கிறார். பொங்கலுக்குச் சுண்ணாம்பு ஊற வைக்க மறக்கக் கூடாது என்று நான் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பிளாஸ்டிக் இலைத் தோரணத்தை எடுத்து எறிந்துவிடும்படி முதல் நாளே நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். போன மாதம் போனபோது பார்த்தால், தொட்டிலுக்கு மேலே ஆடிக் கொண்டிருந்தது! "அதை எடுத்தா பிள்ளை அழுவுதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அப்பத்தா ஓலை விசிறியால் அதை ஒரு தட்டுத் தட்டினார். ஆரஞ்சு இலைகள் சலசலத்தன. குழந்தை காலை உதைத்துக் கொண்டு கலகலவென்று சிரித்தது.